செல்வமணி சொன்ன பதில்

என் மகனுக்கு,

நீ புறப்பட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிவிட்டேன். முதல் தடவை என்னை அறியாமலே சிங்களத்தில் தொடங்கிவிட்டது. முப்பத்தொரு வருடம் அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக அடுத்தவர் பேச்சை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சுமந்தவனுக்கு, தன் சொந்தப் பேச்சு எதில் கிடக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. கையும் முன்போல் இல்லை. நாலு வரி எழுதினால் விரல் மடங்கிக்கொள்கிறது. ஆனாலும் இதை முழுவதுமாகத் தொலைபேசியில் சொல்ல முடியாது. ஒரு பெண்ணுக்கு நான் செய்த அநியாயத்தையும் அதைச் சாட்சி சொல்லப் போவதையும் முந்தாநாள் மேலோட்டமாகச் சொன்னபோது, "யாருமே கேக்காத கேள்விக்கு நீங்க ஏம்ப்பா பதில் சொல்லப் போறீங்க?" என்று நீ கேட்டாய். நான் இருமிக்கொண்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கடிதம்.

வருகிற வியாழக்கிழமை நான் கண்டிக்குப் போய், விசாரணைக் குழுவின் முன்னால் ஒரு சத்தியக் கடதாசியில் கையொப்பம் வைக்கப் போகிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன்பு நடந்த ஒரு நேர்முகப் பரீட்சையில் நான் செய்த களவைப் பற்றியது அது. அதனால் என் பென்ஷன் நின்றுபோகலாம். நீ இப்போதுதான் நிர்வாக சேவையில் சேர்ந்திருக்கிறாய். "இவனுடைய அப்பன்தான் அந்த ஆள்" என்று உன் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் பேசலாம். மூன்று வருட ப்ரொபேஷன் முடியும்வரை பொறுக்கச் சொன்னாய். நீ கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் பொறுக்கப் பலமில்லை.

உன்னை அனுப்பிவைக்க நம் குண்டசாலை வீட்டில் வைத்த சாப்பாட்டை நினைத்துப் பார். மாமா, சித்தப்பா எல்லோரும் இருந்தார்கள். சித்தப்பா வழக்கம்போல, "எந்த அமைச்சர புடிச்சப்பா?" என்று உன்னைக் கிண்டல் பண்ணினார். உனக்கு மூக்கு சிவந்துவிட்டது. சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, "சித்தப்பா, நம்ம வீட்டுல யாரும் லெட்டர் வாங்கிப் பொழச்சதில்ல. நான் அஞ்சாம் வகுப்புல இருந்து சுத்தமா மெரிட்ல வந்தவன்" என்றாய். அம்மா பெருமையோடு உனக்கு இன்னொரு அகப்பைப் பாயசம் ஊற்றினாள். நான் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டேன். வெகுநேரம் கழுவினேன். நீ வந்து, "என்னப்பா, தண்ணி பில்லு யாரு கட்டுறது?" என்று சிரித்தாயே, அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பதினெட்டு வருடத்துக்கு முன்பிருந்த அந்த ஆட்சி உனக்குப் பாடப் புத்தகம் மாதிரி. பிள்ளைப் பருவத்தில் பார்த்த படங்கள் மட்டும் ஞாபகம் இருக்கும். கண்டி வாவியைச் சுற்றி ஒவ்வொரு கம்பத்திலும் நாட்டுத் தலைவரின் சிரித்த முகம், அதன் கீழே மூன்று மொழியிலும் "தகுதிக்கே முதலிடம்". அந்தத் தமிழ் வாசகத்தில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தவனே நான்தான். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு பத்திரிகைக்காரரிடம் ஏதோ வாய்விட்டார். மூன்றாம் நாள் அவருடைய கதிரை காலியாக இருந்தது. எங்கே போனார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லோரும் மறுநாளிலிருந்து கொஞ்சம் மெதுவாகப் பேசினோம், அவ்வளவுதான். பயம் என்றால் நடுங்குவது என்று நினைக்காதே. எங்களுக்கு அது தேநீர் குடிப்பதைப் போல வழக்கமாகிவிட்டது.

தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்க அப்போது ஒரு நேர்முகப் பரீட்சை வைத்தார்கள். குழுவில் மூன்று பேர். மூவருக்கும் தமிழ் தெரியாது. வந்தவர்களோ எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். நடுவில் மொழிபெயர்க்க நான். குழுவின் தலைவர் கட்டுகஸ்தோட்டைக்காரர், ஒரு சிங்களப் பெரியவர். அவரைப்போல ஒரு நேர்மையான அதிகாரியை நான் என் சேவைக் காலத்தில் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவருவார். அலுவலகத் தேநீரைக்கூடத் தொட மாட்டார். சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவர்களிடம், "இதை வெளியில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்" என்பார். அவரிடம் சிபாரிசுப் பட்டியல் செல்லாது என்று அமைச்சரின் ஆட்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

வந்தவர் அமைச்சரின் இணைப்புச் செயலாளர். நம்முடைய ஆள்தான், அவருடைய பேச்சில் தேன் வடியும். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கணுமே அண்ணே" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஏழு பெயர் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியை மேசையில் வைத்தார். "நீங்க ஒன்னும் களவு செய்ய வேணாம். நம்ம ஆளுங்க பேசுறத கொஞ்சம் அழகா சொல்லிருங்க. அம்புட்டுதான்."

"மத்தவங்க?" என்றேன்.

"மத்தவங்க பேசுனத பேசுன மாதிரியே சொல்லுங்க. அவங்க வயித்துல நாம ஏன் அடிக்கணும்?"

எழும்பிப் போகும்போது, "உங்க மகன் அஞ்சாம் வகுப்பு பரீட்ச எழுதியிருக்காராமே" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நீ அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியிருந்தாய். கண்டியின் அந்தப் பெரிய பாடசாலைக்குப் போக வேண்டும் என்று உடுப்புக்கூட மனதில் தைத்து வைத்திருந்தாய். அங்கே சேர வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பிடாமல் அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். பிறகு ஒரு நாள் நான் வந்து, இரண்டாம் பட்டியல் வந்திருக்கிறது, அதில் உன் பெயர் இருக்கிறது என்றேன். நீ வீட்டைச் சுற்றி ஓடினாய். மகனே, இரண்டாம் பட்டியல் என்று ஒன்று வரவே இல்லை. அது அமைச்சரின் கடிதம்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ கெட்டிக்காரன். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு பரீட்சையும் உன் உழைப்பு. அதை யாரும் பிடுங்க முடியாது, நானும் பிடுங்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் உனக்குக் கிடைத்த கதிரை வேறு எந்தப் பிள்ளைக்கோ உரியது. அந்தப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. அந்தக் கதிரைக்கு விலையாக நான் கொடுத்த ஆள் யாரென்று மட்டும் தெரியும்.

அவள் பெயர் செல்வமணி. தெல்தெனியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். நீலச் சேலை, புதிது, மடிப்பு விறைத்து நின்றது. தலைவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "வகுப்பில் ஒரு பிள்ளை தினமும் தூங்கிவிழுகிறது. என்ன செய்வீர்கள்?" அதுவரை வந்தவர்கள் எதையெதையோ உளறினார்கள். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். நிறையப் பேசினாள். கேட்கக் கேட்க என் கதையையே கேட்பது போலிருந்தது. நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து, வகுப்பில் தூங்கியவன்தானே. இதை அப்படியே சொன்னால் தலைவர் இவளுக்கு முழுப் புள்ளியும் போட்டுவிடுவார் என்று தெரிந்தது. காலியாக இருந்தது ஏழு இடம். துண்டுக் கடதாசியில் ஏழு பெயர். அவளுடைய பெயர் அதில் இல்லை.

நான் தலைவர் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சிங்களத்தில் சொன்னேன்: "தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன் என்கிறார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு பார்வை பார்த்தார். இருபதுக்கு மூன்று போட்டார். அவளுக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும், அலுவலகச் சிங்களம் பிடிபடாது. கைகூப்பிவிட்டுப் போனாள்.

அடுத்து வந்தவன் பட்டியலில் இருந்தவன். அதே கேள்வி. "ரெண்டு போடு போட்டா எந்திரிச்சிரும் சார்" என்றான். நான் வாயைத் திறந்தேன். செல்வமணி சொன்ன பதில் முழுவதும், ஒரு சொல் குறையாமல், அழகான சிங்களத்தில் அவனுடைய பதிலாக என் வாயிலிருந்து வந்தது. நான் திட்டம் போடவில்லை. அந்தச் செயலாளர்கூட இதைக் கேட்கவில்லை. மற்றவர்கள் பேசியதைப் பேசிய மாதிரியே சொல்லத்தான் சொன்னார். அவளை அமுக்கியதும் அவளிடமிருந்து எடுத்ததை அவனுக்குக் கொடுத்ததும் என் சொந்தச் சேர்மானம். தலைவர் பேனாவை வைத்துவிட்டு, "நாம் தேடிய ஆசிரியர் இவர்தான்" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அவன் பத்தொன்பது வாங்கினான்.

நியமனக் கடிதம் கொடுக்கும் விழா பெரிதாக நடந்தது. மேடையில் நாட்டுத் தலைவரின் படம், மாலை, விளக்கு. அமைச்சர் பேசினார்: "இங்கே ஒருவர்கூடச் சிபாரிசில் வரவில்லை. யார் வேண்டுமானாலும் புள்ளிப் பட்டியலைப் பார்க்கலாம். இதுதான் எங்கள் ஆட்சி." பட்டியலில் உண்மையிலேயே ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் அதை வெட்டிக் கறியாகவே வைத்துப் பரிமாறிவிட்டோம். அந்தப் பேச்சையும் நான்தான் தமிழில் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு மட்டும் ஒரு சொல்லும் விடவில்லை.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. படங்கள் இறங்கின, வேறு படங்கள் ஏறின, அவையும் இறங்கின. குழுத் தலைவர் இறந்துபோனார். மரண வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கட்டிய வெள்ளைத் துணியில் அவருடைய நேர்மையைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதில் பொய் இல்லை. அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நேர்முகப் பரீட்சையைத்தான் அப்பா கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். கொடுத்த தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்து மனு, பிறப்புச் சான்றிதழ் என்று மொழிபெயர்த்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு பெண் வந்தாள். நாற்பது தாண்டியவள். தெல்தெனியவில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. அந்த ஆட்சியில் நியமனம் மறுக்கப்பட்டவர்களின் முறைப்பாட்டை விசாரிக்க ஒரு குழு வைத்திருக்கிறார்களே, அதற்கு ஒரு மனு. சிங்களத்தில் வேண்டும் என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் தானே அன்னைக்கு எனக்காகப் பேசினீங்க?"

மனுவை மேசையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள். "மனு போடவே எனக்கு இஷ்டமில்ல சார். என் தங்கச்சிதான் பிடிச்ச பிடியா நின்னா. போன தடவ அந்தக் குழு ஆபிசுல ஐயா ஒருத்தரு பைலப் பாத்துட்டு, மார்க்ஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்களுக்குத் தகுதி பத்தலன்னு சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. நான் பேசினதுதான் பத்தல போல."

"அப்புடிச் சொல்லாதம்மா" என்றேன்.

"இல்ல சார். ஒன்னு மட்டும் நெனச்சேன். நான் அவ்வளவு பேசினேன், சார் ஒரு வரிதானே சொன்னாருன்னு. அப்புறம், சிங்களத்துல சுருக்கமாத்தான் வரும் போலன்னு இருந்துட்டேன்." சிரித்தாள். "முன்னாடி லயத்துப் புள்ளைங்களுக்கு அந்தி நேரத்துல சொல்லிக் குடுப்பேன். அன்னைக்கப்புறம் அதையும் விட்டுட்டேன். நமக்கே பத்தலன்னுட்டாங்க, அப்புறம் அடுத்த புள்ளைக்கு என்னாத்த சொல்லிக் குடுக்குறது?"

மகனே, எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். அவளுக்கு வேலை கிடைக்காமல் போனதைவிட இதுதான் என்னைக் கொல்கிறது. நாலு புள்ளி குறைந்த நீ, கெட்டிக்காரன் என்று நிமிர்ந்து நடந்தாய், நன்றாக வளர்ந்தாய். பத்தொன்பது வாங்க வேண்டியவள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிப் பதினெட்டு வருடம் கடதாசி பிரதியெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பொய்யையும் சொன்னவன் நான் ஒருவன்.

மனுவை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. "விசாரணைக்கு நானும் வர்றேன்" என்றேன். "உங்களுக்கு ஏன் சார் வீண் அலைச்சல்?" என்றாள். வியாழக்கிழமை அவள் வருகிற பஸ்ஸில் நான் குண்டசாலைச் சந்தியில் ஏறுவதாகப் பேச்சு. குழுவுக்கு முன்னால் அவள் திடுக்கிடக் கூடாது. அதனால் பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாலும் நான் கண்டிவரை போவேன்.

நீ சொன்னதையெல்லாம் யோசித்தேன். செத்துப்போன குழுத் தலைவரின் பெயர் கெடும் என்றாய். கெடாதபடி எழுதித்தான் கொடுக்கிறேன். அவர் தன் காதில் விழுந்ததற்கு நேர்மையாகவே புள்ளி போட்டார், அதைப் பிழையாகக் காதில் போட்டவன் நான் என்று. ஆனாலும் அவருடைய மகளுக்கு வலிக்கும். இந்த ஆட்சியும் தகுதி, தகுதி என்றுதான் சொல்கிறது, இதிலும் ஒரு துண்டுக் கடதாசி எங்காவது இருக்கும் என்றாய். இருக்கலாம். எனக்கு எந்த ஆட்சி மீதும் இனி கோபம்கூட வரவில்லை; களைப்புத்தான். அவளுக்கு வயதெல்லை தாண்டிவிட்டது, வேலை கிடைக்கப் போவதில்லை என்றாய். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பைலில் "தகுதி போதாது" என்று இருக்கிறதே. அது என் மொழிபெயர்ப்பு. பிழையான மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் சாக எனக்கு மனமில்லை.

அம்மாவிடம் நேற்றுத்தான் முழுவதையும் சொன்னேன். இரண்டாம் பட்டியலையும் சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போய் மா டின்னைத் திறந்து பார்த்தாள். பிறகு, "அந்தப் புள்ள காலையில சாப்பிடாம பஸ் ஏறும். ரெண்டு ரொட்டி கட்டித் தர்றேன், கொண்டு போங்க" என்றாள். பென்ஷனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என்னோடும் அதற்கப்புறம் அதிகம் பேசவில்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீயும் ஒரு குழுவில் தலைவராக உட்காருவாய். கை சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்காதே. எங்கள் தலைவரின் கை சுத்தமாகத்தான் இருந்தது. உனக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவனைப் பார். மொழிபெயர்ப்பவனோ, பைல் கொண்டுவருபவனோ, யாராக இருந்தாலும் சரி. எதிரில் இருப்பவர் நிறையப் பேசி, உன் காதுக்கு ஒரு வரி மட்டும் வந்தால், "அவர் இவ்வளவு பேசினாரே, நீங்கள் ஒன்றுதானே சொன்னீர்கள்?" என்று கேள். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு அவர் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த அளவுக்குக் கோழைதான் நான்.

இந்தக் கடிதம் வியாழனுக்கு முன்பே உன் கையில் கிடைக்கும். போகாதீர்கள் என்று சொல்ல மட்டும் போன் எடுக்காதே. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். நீ பேசாமல் இருந்தால் எனக்கு வலிக்கும், ஆனால் புரியும். ஒரு வேலை மட்டும் செய்துகொடு. செல்வமணி சொன்ன பதிலை அவளுடைய பெயரில் இதுவரை எந்த அதிகாரியும் கேட்டதில்லை. நீ இப்போது அதிகாரி. முதலில் நீ கேள். பதினெட்டு வருடமாக என் தலைக்குள் அப்படியே இருக்கிறது. ஒன்றைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நான் ஒடனே எழுப்ப மாட்டேன் சார். அது ராத்திரி எங்க படுத்துச்சுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். எங்க லயத்துல ஒரு காம்பராவுல எட்டு பேரு. அம்மா கொழுந்து பறிக்கப் போகணும்னு விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, தம்பி தங்கச்சிக்கு எல்லாம் பாத்துட்டுத்தான் அந்தப் புள்ள பள்ளிக்கூடம் வரும். நானும் அப்புடித்தான் தூங்குனேன் சார். ஒரு நாளு எந்திரிச்சுப் பாத்தா, போர்டுல இருந்தத எல்லாம் எங்க டீச்சரே என் கொப்பில எழுதி வச்சிருந்தாங்க. ஒன்னும் கேக்கல. அன்னையில இருந்து நான் தூங்கவே இல்ல. அதனாலதான் இன்னைக்கு இங்க வந்து நிக்கிறேன். நானும் எழுதி வைப்பேன் சார். எந்திரிச்சதும் அது படிக்கும்."

இருபதுக்கு எத்தனை போடுவாய் என்று எனக்கு எழுது.

அப்பா